முற்றத்தில் திணறிய கார்டு

"நானா, இந்த ரெண்டு கார்டுல எது நல்லம்?"

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடைப்பக்கம் எட்டிப் பார்த்தால், இப்போது இங்கே வேலை செய்யும் உங்களில் ஒருவராவது, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டு, இந்தக் கேள்வியோடு என்னைப் பிடித்துக்கொள்கிறீர்கள். கையில் போன். போனில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நினைவகம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, இழுக்கும் மின்சாரம் இவ்வளவு என்று பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்ட ஒரு பக்கம். எதற்குப் பச்சைக் கோடு நீளமோ அது நல்ல கார்டு. அப்படியென்றால் கடையில் உங்களுக்கு என்ன வேலை? பச்சையையும் சிவப்பையும் பிரித்துக் காட்ட வீதிச் சந்தியில் ஒரு விளக்குக் கம்பம் போதுமே.

கோபிக்காதீர்கள். அந்தப் பக்கங்களை நானும் பார்ப்பேன். அவற்றில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தவன் நம் வாடிக்கையாளரைக் கண்டதில்லை. அவர் எந்த மேசையில் இருந்து என்ன வேலை செய்யப் போகிறார், அந்த வேலையில் எந்த இடத்தில் தவறினால் அவர் தலை குனிய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள். அப்போது நம் கடை கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நான் அலவத்துகொடையில் இருந்து காலை பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்குவேன். என்னோடு வேலை செய்தவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் கார்டில் எந்தச் சில்லு, எந்த வகை நினைவகம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முதலாளி ஹாஜியாருக்குக் கம்பியூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது, மனிதர்களைப் பற்றி நிறையத் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் பக்கத்துக் கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்டவர். அதனால் ஊரில் சின்னச் சலசலப்பு என்றாலும் அவர் கை முதலில் போவது மெயின் சுவிட்சுக்குத்தான். கடை எரிந்தாலும் கரண்டினால் எரிந்தது என்று யாரும் சொல்லக் கூடாது என்பார்.

அந்த நாட்களில் பஸ்ஸில் பார்சலோடு ஏறினால் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். எதையும் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்க முடியாது, மடியில் வைத்துத் திறந்து காட்ட வேண்டும். அதனால் நம் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கம்பியூட்டரை வெளியே அனுப்பினாலும் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தனியே கட்டித்தான் அனுப்புவோம். உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியட்டும். வெட்கம் கெட்ட பெட்டி என்று சிவநேசன் சிரிப்பார்.

அப்படியொரு திறந்த பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஒரு காலையில் புஷ்பராணி வந்தாள். கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து ரயிலில் வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. இதற்கு ஒரு நல்ல கார்டு போட வேண்டும், பின்னேரம் மூன்று மணிக்கு முதல் வேண்டும் என்றாள்.

கதை இதுதான். பேராதனை வீதியில் ஒரு எஞ்சினியர் கந்தோர். பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. புஷ்பராணி வீட்டில் இருந்தே அவர்களுக்குக் கட்டடப் படம் கீறிக் கொடுத்து வந்தாள். இந்த பங்களாவை முழுவதுமாக, உள்ளே நடந்து பார்க்கக்கூடிய மாதிரி கம்பியூட்டரில் கட்டியிருந்தாள். முன்பக்கத்துப் படங்களைப் பார்த்த எஞ்சினியருக்கு நல்ல சந்தோஷம், வேலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். அவரோடு கூட்டாகக் கந்தோர் நடத்திய பங்காளிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. டெக்னிக்கல் கொலேஜில் படித்தும் சர்டிபிகேட் இல்லாத ஒரு தோட்டத்துப் பெட்டை இதைச் செய்திருக்க மாட்டாள், கொழும்பில் யாரோ செய்து கொடுக்க இவள் சுமந்து வருகிறாள் என்று சொல்லிவிட்டார். சர்டிபிகேட் ஏன் இல்லை என்று நான் கேட்டேன். கடைசிப் பரீட்சை நடந்த அன்று, ஆமி சுற்றி வளைத்துத் தமிழ் ஆட்களை அள்ளிய ரவுண்டப்பில் பிடிபட்டுப் பொலிஸில் இருந்தாளாம். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

முடிவாக அவர்கள் சொன்னது, உன்னுடைய மெஷினைக் கொண்டு வா, எங்கள் முன்னால் உட்கார், நாங்கள் கேட்கிற பக்கமெல்லாம் எங்களைக் கூட்டிப் போ. அவளுடைய மெஷினில் தனிக் கார்டு கிடையாது, போர்டோடு ஒட்டி வந்ததுதான். அதில் அந்த பங்களாவுக்குள் நடப்பது சேற்றில் வண்டி தள்ளுவதுபோல இருந்தது. நின்று நின்று போனால் கை தடுமாறுகிறாள், தான் கீறிய வீட்டில் தனக்கே வழி தெரியவில்லை என்று அந்தப் பங்காளி சொல்வார். அத்தோடு வேலை போய்விடும்.

வீடியோவாகப் பதிந்து கொண்டுபோகலாமே என்று சிவநேசன் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

"வீடியோ காட்டுனா அதையும் யாரோ செஞ்சு குடுத்தாங்கன்னு தானே சொல்வாங்க. அவங்க கேக்குற பக்கம் நான் திரும்பணும்ண்ணே."

கடையில் இரண்டு கார்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே கம்பனிச் சில்லு, ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றின் பெட்டியில் வாளோடு ஒரு பெண் நிற்பாள், மூலையில் கொட்டை எழுத்தில் 512 எம்பி. மற்றது 256 எம்பி, பெட்டியில் ஒரு படமும் இல்லை. புஷ்பராணி 512ஐக் காட்டி இது என்றாள். சிவநேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு எனக்கும் பழக்கமானதுதான். பெட்டியில் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு உள்ளே மந்தமான நினைவகத்தை வைத்து விற்பது அந்தக் காலத்து வியாபார தந்திரம். 512 எம்பி கார்டில் இருந்தது பழைய வகை, அதன் பாதையும் ஒடுக்கம். 256 எம்பி கார்டில் வேகமான நினைவகம், அகலமான பாதை. கேம் விளையாடுகிற பொடியன்கள் எல்லாரும் பெரிய எண்ணைக் கேட்டு வருவார்கள், நாங்கள் சின்ன எண்ணைப் போட்டு அனுப்புவோம், அவர்கள் திரும்பி வந்து நன்றி சொல்வார்கள். அதனால் பெரிய எண்ணைக் கேட்பவரைக் கண்டால் எங்களுக்கு ஒரு இளக்காரம். இந்தத் தொழிலில் அரைகுறையாகத் தெரிந்தவனை எண் ஏமாற்றும். நன்றாகத் தெரிந்தவனை ஏமாற்றுவது அவனுடைய இளக்காரம்தான்.

"தங்கச்சி, உந்தப் பெட்டியைப் பாத்து ஏமாறாதேங்கோ" என்று சிவநேசன் 256ஐப் பூட்டத் தொடங்கினார்.

நான் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேசைக்குக் கீழே தள்ளினேன். ஒப்பிடும்போது பெட்டி கண்ணில் படக் கூடாது என்பது என் பழக்கம். எங்கள் சோதனை மென்பொருளையும் ஓட விடவில்லை. அது பறக்கும் விமானத்தையும் வெடிக்கும் பாலத்தையும் காட்டி மதிப்பெண் போடும். இவளுடைய பங்களாவில் வெடிக்க ஒன்றுமில்லை. அவளுடைய வேலையையே திறக்கச் சொன்னேன்.

256 ஓடியது. அடேயப்பா, என்ன ஓட்டம். வாசல், விறாந்தை, மாடிப்படி, எங்கே திரும்பினாலும் வழுக்கிக்கொண்டு போனது. சிவநேசன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். புஷ்பராணியின் முகத்திலும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கை ஒரு பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்ததை நான் கவனித்தேன்.

"புள்ள, நீங்க எந்த எடத்துக்குப் போகப் பயப்படுறீங்க? அத மட்டும் சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நடு முத்தம் தான் நானா. ஹோல்ல இருந்து அங்க திரும்புனா ஓடு, மரம், கொடி எல்லாம் ஒண்ணா வந்துரும்."

திரும்பச் சொன்னேன். திரும்பினாள். படம் அப்படியே நின்றுவிட்டது. மூச்சுப் பிடித்த ஆள்போலக் கொஞ்ச நேரம் நின்று, ஒரு துள்ளுத் துள்ளி, மறுபடி நின்றது. முற்றத்தைத் தாண்டியதும் பழையபடி பறந்தது.

காரணம் சிக்கலானதல்ல. கார்டின் நினைவகம் கல்யாண வீட்டுச் சமையல் மேசை மாதிரி. சமைக்கிற பண்டாரியின் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும், மேசை சின்னதென்றால் ஒவ்வொரு சாமானுக்கும் அவன் களஞ்சிய அறைக்கு ஓட வேண்டும். கேமில் படங்களை மேசை அளவுக்கு வெட்டித்தான் வைப்பார்கள். இவளோ நிஜ ஓடுகளையும் நிஜ மரத்தையும் படமெடுத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக ஒட்டியிருந்தாள். முற்றத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன. மேசை போதவில்லை.

சிவநேசன் விடவில்லை. விடமாட்டார், அதுதான் அவர் குணம். படங்களைச் சின்னதாக்கினால் இதிலேயே கொள்ளும் என்றார். சரியான யோசனைதான், ஆனால் அதற்கு ஒரு நாள் வேண்டும். சரி, 512ஐ ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று நான் வாயெடுத்தபோது வெளியே விசில் சத்தம் கேட்டது.

மார்க்கெட் வாசலில் கேட்பாரற்று ஒரு பை கிடக்கிறதாம். பொலிஸ் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தது. கடைகளைப் பூட்டச் சொன்னார்கள். ஹாஜியார் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஷட்டரைப் பாதி இழுத்தார். கடை இருண்டது. புஷ்பராணியின் மெஷின் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.

உங்களுக்கு நான் சொல்லவேண்டிய இடம் இதுதான். இந்தத் தொழிலில் எல்லாரும் மதிக்கும் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற மெஷினை, ஆள் கொண்டுபோகும் நேரத்தில் தொடாதே. சிவநேசன் அதைத்தான் சொன்னார்.

"நானா, ஒரு இடத்திலை மட்டும்தானே நிக்குது. மிச்சம் எல்லாம் பறக்குது. இப்ப கழட்டி, மற்றது வேலை செய்யாட்டி பிள்ளையின்ரை கதி என்ன?"

நல்ல கேள்வி. அவர் அவளுக்காகத்தான் பயந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிடிபட்டுப் பரீட்சையைத் தவறவிட்ட ஒருத்திக்கு விசில் சத்தம் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் என் மனதில் ஓடிய கணக்கு மிக எளிது. நூறு இடத்தில் பறந்து ஓரிடத்தில் நிற்கும் கார்டு கேம் விளையாடுகிறவனுக்கு நல்லது, அவன் சலித்துக்கொண்டு மறுபடி ஆடுவான். இவளுக்கு மறுபடி கிடையாது. அவளை நம்பாத ஒருவர் அந்தக் கந்தோரில் காத்திருக்கிறார். வீட்டுக்கு நடுவே முற்றம் இருக்கிறது. அவர் முற்றத்துக்குப் போகாமல் இருப்பாரா?

கழற்றினேன். மெஷினை அணைத்து, 512ஐப் பூட்டி, மறுபடி போட்டேன். சிவநேசன் டோர்ச் பிடித்தார். அவருக்கு உடன்பாடில்லை, ஆனாலும் வெளிச்சத்தைச் சரியான இடத்தில் பிடித்தார். அப்படியொருவரோடு வேலை செய்யக் கிடைத்தது எனக்கு அல்லாஹ் தந்த பாக்கியம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பங்களா திறந்தது. முன்னதோடு பார்த்தால் வேகம் குறைவுதான், யாரும் பார்த்ததும் சொல்லலாம். கோட்டோரங்களை மழமழப்பாக்கும் வேலையை நிறுத்திவிட்டு, திரையின் அளவையும் ஒரு படி இறக்கினேன். முற்றத்துக்குத் திரும்பச் சொன்னேன். திரும்பினாள். அதே நிதானத்தில், நிற்காமல் துள்ளாமல், கூரை ஓடுகளும் மரமும் கொடியும் கடந்து போயின. போதும் என்று அணைத்தேன். யூபிஎஸ்ஸும் அத்தோடு கையை விரித்தது.

பையில் மரக்கறி இருந்ததாகச் செய்தி வந்தது. கண்டிக்கு உயிர் வந்தது. புஷ்பராணியைத் தனியே அனுப்ப ஹாஜியாருக்கு மனமில்லை, நீயும் போய்ட்டு வா என்று என்னைப் பார்த்துச் சொன்னார். திறந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளும், மொனிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் த்ரீவீலரில் ஏறினோம். வழியில் ஆமிக்காரர் மறித்தார்கள். ஒருவன் அவளுடைய அடையாள அட்டையை நீண்ட நேரம் பார்த்தான், மற்றவன் பெட்டிக்குள் குனிந்து அந்தக் கார்டின் விசிறியைப் பேனையால் தொட்டுச் சுற்றிப் பார்த்தான். விசிறிதான் தம்பி, சூடு தணிக்க என்று சிங்களத்தில் சொன்னேன். எங்களுக்கும் ஒன்று தாருங்கள், வெயில் தாங்க முடியவில்லை என்றான். மூவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

கந்தோரில் எஞ்சினியரும் பங்காளியும் இருந்தார்கள். எஞ்சினியர் கதிரை போடச் சொன்னார். பங்காளி என்னைக் காட்டி, செய்து கொடுத்தவர் இவர்தானோ என்று கேட்டார். நான் கம்பியூட்டர் திருத்துகிறவன், பேனையால் ஒரு நேர்கோடு இழுக்க வராது என்றேன். கார்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன்.

பேச்சு முழுக்கச் சிங்களத்தில். அவளுக்குச் சிங்களம் வரும், அவசரத்தில் கொஞ்சம் தடுக்கும். வாசல் வழியாகப் போனார்கள், மாடிக்குப் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் பங்காளி, இது பாடமாக்கியது என்றார். பிறகு நான் நினைத்த மாதிரியே முற்றத்துக்குத் திரும்பச் சொன்னார். படம் நிதானமாகத் திரும்பியது. ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கேட்டார். விருந்தாளி நடக்கிற வேகத்தில் போகிறேன் சேர் என்றாள் அவள். எஞ்சினியர் சிரித்துவிட்டார்.

பங்காளிக்கு அது பிடிக்கவில்லை. குசினியைத் தாண்டிப் பின்பக்கம் போ என்றார். அங்கே வேலைக்காரர் படுக்கும் அறை ஒன்று, அதுவரை யாரும் கேட்டுப் பார்க்காத இடம். அவள் கதவைத் திறந்தாள். சின்ன அறை. ஆனால் ஒரு சுவரில் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில்.

பங்காளி மேசையில் தட்டினார். பாருங்கள், பழைய வரைபடத்தில் இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது, செய்து கொடுத்தவன் தவறிவிட்டான், இவளுக்கு அதுகூடத் தெரியவில்லை என்றார். எஞ்சினியர் அவளைப் பார்த்து ஏன் இங்கே ஜன்னல் என்று கேட்டார். அவள் சிங்களத்தில் தொடங்கினாள். இரண்டு சொல் வந்தது, மூன்றாவது வரவில்லை. மௌஸில் இருந்து கையை எடுத்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"தோட்டத்துல நான் பொறந்த லயத்துக் காம்பராவுல ஜன்னல் இல்ல. கதவ மூடுனா பகல்லயும் இருட்டு. இந்த ரூம்ல வந்து படுக்கப் போறதும் எங்க ஆளுங்க தான். அதான் வச்சேன். இந்த வீட்டுல நான் மொதல்ல கீறுனது இந்த ஜன்னலத்தான்."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் நான் சிங்களத்தில் சொன்னேன். அந்தக் கந்தோரில் கார்டு என்று ஒன்று இருப்பதே அப்போது ஒருவருக்கும் நினைவில்லை. நம் தொழிலில் ஒரு கார்டுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய சர்டிபிகேட் அதுதான் என்று அந்தச் சுவரோரம் நின்றபோது எனக்கு விளங்கியது.

எஞ்சினியர் எழுந்து வந்தார். மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, திரையில் இருந்த அந்த ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு நிமிர்ந்து பங்காளியிடம் சொன்னார்.

"இது இந்தப் பிள்ளை கீறியதுதான்."